ஐந்தாவது காட்சிக்குக் கணக்குப் போடுங்கள்: புதிதாக நாடகம் போடுபவர்களுக்குச் செலவு வழிகாட்டி

எங்கள் குழுவின் இரண்டாவது நாடகத்தில் ஒரு கதவு உண்டு. கதாநாயகியின் அப்பா அதை அறைந்து சாத்திவிட்டுப் போகும் சத்தத்தில்தான் முதல் பாதி முடியும். பிளைவுட் கதவில் அந்தச் சத்தம் வராது என்று டைரக்டர் பிடிவாதம் பிடித்தார். வீடு இடித்த மரச்சாமான் விற்கும் கடையில் நிலையோடு சேர்த்து ஒரு தேக்குக் கதவு 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. பிளைவுட்டும் தச்சுக்கூலியும் சேர்த்தால் அதைவிட அதிகம் ஆகியிருக்கும். குழுவின் கணக்கு என் பொறுப்பு. சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

மற்ற செட்டோடு சேர்த்து ஏற்றியபோது அது டாட்டா ஏஸில் அடங்கவில்லை. பெரிய வண்டி வைத்தோம். ஒரு காட்சிக்கு, அதாவது நாடகம் ஒரு தடவை மேடையேற, 2,500 ரூபாய் கூடுதல். தூக்கி இறக்க இன்னும் இரண்டு ஆள், தலைக்கு 600. ஆக ஒவ்வொரு காட்சிக்கும் 3,700 ரூபாய். ஆறு காட்சி போட்டோம், 22,200 ரூபாய். கதவுச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு வாங்கினோம், வண்டிச் சத்தம் கொடுத்து மாளவில்லை.

நாடகச் செலவைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்தக் கதவுக்குள் இருக்கிறது. ஒரே ஒரு தடவை ஆகும் செலவு வேறு, காட்சிக்குக் காட்சி ஆகும் செலவு வேறு. புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதி, கூட்டிப் பார்த்து, "ஒன்றரை லட்சம் இருந்தால் போட்டுவிடலாம்" என்பார்கள். முதல் காட்சி போட்டும் விடுவார்கள். இரண்டாவது காட்சிக்கு யாராவது கூப்பிட்டால்தான் விழிப்பார்கள்.

கீழே வருவது சென்னையில் அமெச்சூர் குழுவாக, பத்துப் பதினைந்து பேரோடு, ஒன்றரை மணி நேர நாடகம் போட நினைப்பவர்களுக்கு. தொகைகளெல்லாம் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான மாதிரிகள். உங்கள் ஊர் விலையை நீங்கள்தான் நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும்.

1. பென்சிலோடு ஸ்கிரிப்டைப் படியுங்கள்

டைரக்டர் படிப்பது மாதிரி படிக்காதீர்கள். மளிகைக் கடைக்காரர் சீட்டைப் படிப்பது மாதிரி படியுங்கள். ஒவ்வொரு சீனிலும் காசு கேட்கும் சொல்லை அடிக்கோடு போடுங்கள். "பட்டுப்புடவையில் வருகிறாள்" என்றால் உடை. "மழையில் நனைந்தபடி" என்றால் ஒலி, ஒளி, ஈரத்துணி, மேடையைத் துடைக்க ஒரு ஆள், அடுத்த சீனுக்கு மாற்று உடை. எழுதியவருக்கு அது இரண்டு சொல்தான்.

குறிப்பாகச் சாப்பாட்டைக் கவனியுங்கள். மேடையில் நான்கு பேர் இலை போட்டுச் சாப்பிடும் சீன் ஒன்று இருந்தால், அந்த இலையும் இட்லியும் ஒவ்வொரு காட்சிக்கும் வாங்கியாக வேண்டும். ஒத்திகைக்கும் கடைசி நாலைந்து நாளாவது வேண்டும். வெறும் கையால் பிசைந்து பழகிய நடிகர், நிஜ இட்லியை வாயில் போட்டதும் வசனம் விழுங்கிவிடுவார். கிழிக்கிற கடிதம், உடைக்கிற பானை, கொளுத்துகிற ஊதுவத்தி எல்லாமே இந்தக் கூட்டம்தான். கடிதம் கிழிப்பது செலவே இல்லை. பானை உடைப்பது ஒரு காட்சிக்கு ஒரு பானை, அதோடு சில்லு காலில் குத்தினால் வைத்தியச் செலவு.

கதாபாத்திரங்களை எண்ணுங்கள். ஒரு ஆள் கூடினால் சம்பளம் மட்டுமா கூடுகிறது? மேக்கப்புக்குத் தலைக்கு இவ்வளவு, சாப்பாடு ஒன்று, டீ இருபத்துநாலு நாள், காலர் மைக் ஒன்று, இரவு கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோ. மூன்றே வசனம் பேசும் போஸ்ட்மேனை நீக்கிவிட்டு, "போஸ்ட் வந்திருக்கு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் எழுத்தாளரிடம் இதைப் பணப் பேச்சாகச் சொல்லாதீர்கள். "போஸ்ட்மேன் வரும்போது டெம்போ குறைகிறது" என்று சொல்லிப் பாருங்கள்.

2. உரிமையை முதலில் முடித்துவிடுங்கள்

வேறொருவர் எழுதிய நாடகமோ, கதையிலிருந்து எடுத்ததோ என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். இந்தியாவில் பதிப்புரிமை எழுதியவரின் ஆயுட்காலமும், அவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகளும் இருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானவர்; அவர் நாடகங்களுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் காலமானது 1964. அவருடைய நாடகங்களுக்கான 60 ஆண்டும் 2024-ஓடு முடிந்துவிட்டது. பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்தைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவர்கள் கதையை நாடகமாக்கினால் ராயல்டி இல்லை. மொழிபெயர்ப்பு நாடகம் என்றால் மூல ஆசிரியருக்கு ஒரு உரிமை, மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை. இரண்டையும் பாருங்கள்.

அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாமல் இலவசமாகப் போட்டால் அது உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. டிக்கெட் வைத்த அந்த நிமிடமே விலக்கு போய்விடும். உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் விலக்கைக் காட்டி வாதாடாமல், ஒரு தொகையும் நோட்டீஸில் பெரிய எழுத்தில் பெயரும் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. காட்சிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் ஒரே காட்சியோடு நின்றுபோகும்போது நஷ்டம் உங்களுக்கு.

சினிமாப் பாட்டை இடையில் ஓட்டலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் அன்றைக்கே அதை நிறுத்துங்கள். அதற்கு உரிமம் தனி, கட்டணம் தனி. தெரிந்த பையன் ஒருவனை வைத்து கீபோர்டில் இசை பதிவு செய்துகொண்டால் ஒரே தடவைச் செலவோடு போகும்.

3. நோட்டின் நடுவில் ஒரு கோடு

இனிதான் கணக்கு. ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஒருமுறைச் செலவு, வலப்பக்கம் காட்சிச் செலவு. எட்டு நடிகர், மேடைக்குப் பின்னால் ஐந்து பேர், வாரம் மூன்று நாள் வீதம் எட்டு வாரம், மொத்தம் 24 ஒத்திகை என்று வைத்துக்கொள்வோம்.

இடப்பக்கம் இப்படி வரும்:

ஒத்திகை இடம், நாளைக்கு 400 வீதம்: 9,600
ஒத்திகை டீ, பிஸ்கட், நாளைக்கு 300 வீதம்: 7,200
ஸ்கிரிப்ட் ஜெராக்ஸ்: 1,500
செட்: 25,000
உடை: 12,000
பிராப்ஸ் (மேடையில் கையாளும் பொருட்கள்): 6,000
இசைப் பதிவு: 10,000
போட்டோ, போஸ்டர் டிசைன்: 5,000

மொத்தம் 76,300. இதன் மேல் எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் கையிருப்பு. சுமாராக 84,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம், ஹால் எடுத்து நாமே டிக்கெட் போடும் ஒரு காட்சிக்கு:

ஹால் வாடகை: 25,000
லைட், ஆபரேட்டரோடு: 9,000
சவுண்ட், காலர் மைக்: 7,000
மேக்கப்: 4,500
வண்டி: 3,500
சாப்பாடு, டிபன், 16 பேருக்கு: 3,200
ஏற்றி இறக்கும் கூலி: 2,000
உடை சலவை, இஸ்திரி: 800
நோட்டீஸ், பேனர்: 4,000
பேட்டா, 13 பேருக்குத் தலைக்கு 500: 6,500
சில்லறை, வாட்ச்மேன், இனாம்: 1,000

மொத்தம் 66,500.

ஒரே ஒரு காட்சி என்றால் இரண்டையும் கூட்டி 1,50,500. ஐந்து காட்சி என்றால் 84,000 ஐந்தாகப் பிரிந்து, ஒரு காட்சிக்கு 83,300-ல் வந்து நிற்கும். "அப்படியா, அப்போ பத்துக் காட்சி போட்டால் லாபமே வந்துவிடுமே" என்று இங்கே எல்லோரும் குதிப்பார்கள். பொறுங்கள். 250 நாற்காலி ஹாலில் 150 டிக்கெட் விற்றதாக வைப்போம். புதுக் குழுவுக்கு அதுவே பெரிய விஷயம். சராசரி 300 ரூபாய் என்றால் 45,000. ஒரு காட்சியின் சொந்தச் செலவே 66,500. காட்சிக்குக் காட்சி 21,500 கையைக் கடிக்கிறது. பத்துக் காட்சி போட்டால் பத்துத் தடவை கடிக்கும்.

ஆக, வலப்பக்கக் கூட்டலை உருப்படியான வசூலுக்குக் கீழே கொண்டுவராமல் காட்சிகளை ஏற்றிக்கொண்டே போவதில் பிரயோஜனம் இல்லை. அதற்கு எனக்குத் தெரிந்த வழி மூன்று. ஒன்று, ஒரே நாளில் ஒரே ஹாலில் இரண்டு காட்சி. லைட்டும் சவுண்டும் ஏற்கெனவே கட்டியிருக்கிறது, செட் நிற்கிறது, வண்டி ஒரு தடவைதான். இரண்டாவது காட்சிக்கு ஹால் 15,000, ஆபரேட்டர்களுக்கு 4,000, மேக்கப் டச்சப் 1,500, இன்னொரு வேளை சாப்பாடு 1,600, பேட்டா 6,500. மொத்தம் 28,600. அதே 150 பேர் வந்தால் 16,400 மிச்சம்; 96 பேர் வந்தாலே கையைக் கடிக்காது. இரண்டு, சபா காட்சி; அது என்ன என்பதை வரவுப் பகுதியில் சொல்கிறேன். மூன்று, ஹாலே வேண்டாம் என்பது. இந்தக் கடைசி வழி ஏதோ வழியில்லாதவர்கள் செய்வது என்று நினைக்காதீர்கள். 1980-ல் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பயிலரங்குக்குப் பிறகு, செட்டும் லைட்டும் இல்லாமல் கிடைத்த இடத்தில் நடிப்பது தமிழில் ஒரு தேர்ந்த வடிவமாகவே நின்றிருக்கிறது. உங்கள் கதை அதற்குத் தோதானதா என்பதுதான் கேள்வி.

பிரம்மாண்டம் வேண்டுமென்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ், செட்டுக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் பேர்போனது. அவர் நாடகங்கள் நூற்றுக்கணக்கான முறை மேடையேறின. ஒரு சிம்மாசனத்தின் விலையை அத்தனை காட்சியால் வகுத்துப் பாருங்கள், ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்துவிட்டு, இரண்டு காட்சி போடப்போகிற நாம் சிம்மாசனம் செய்யக்கூடாது.

4. ஹால்காரரிடம் கேட்க வேண்டியவை

செலவில் பெரிய துண்டு இதுதான், பெரும்பாலான சண்டையும் இங்கேதான். "வாடகை எவ்வளவு சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனால் அடிபடுவீர்கள்.

வாடகை எத்தனை மணி நேரத்துக்கு? அந்த நேரம் எப்போது தொடங்குகிறது, நாடகம் தொடங்கும்போதா, நம் வண்டி உள்ளே நுழையும்போதா? ஏசி எத்தனை மணி நேரம் சேர்த்தி? ஜிஎஸ்டி 18 சதவீதம் இதிலேயே அடக்கமா, மேலேயா? மின்சாரம் யூனிட் கணக்கா? கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் யார் காசு? துப்புரவுக்குத் தனியா? லைட்டும் சவுண்டும் ஹாலில் இருப்பதைத்தான் பயன்படுத்த வேண்டுமா, வெளி ஆளைக் கொண்டுவரலாமா, கொண்டுவந்தால் அதற்கு ஒரு கட்டணம் உண்டா? டெபாசிட் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும்? மேடைத் தரையில் ஆணி அடிக்கலாமா? பின்வாசல் அகலம் என்ன, படி உண்டா?

இவ்வளவையும் கேட்டு, பதிலை வாட்ஸப்பில் நீங்களே எழுதி அனுப்பி, "இப்படித்தானே சார் பேசினோம்?" என்று ஒரு ஓகே வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஒரு ஹாலில் ஒன்பதரை மணிக்கு நேரம் முடிந்தது. நாடகம் ஒன்பது ஐந்துக்கே முடிந்துவிட்டது. அப்புறம் மேடையில் பொன்னாடை, நன்றியுரை, குரூப் போட்டோ, அதன் பிறகு ஒவ்வொரு நடிகரின் சொந்தக்காரரும் ஒரு செல்ஃபி. செட்டைப் பிரித்து ஏற்றும்போது பத்து இருபது. டெபாசிட்டில் 4,000 பிடித்துக்கொண்டார்கள். சட்டப்படி சரிதான், வாடகைச் சீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. நான் முன்பக்கம் மட்டும் படித்திருந்தேன். அன்றிலிருந்து பொன்னாடையெல்லாம் நாடகம் தொடங்குவதற்கு முன்பே.

நாள் பார்ப்பதிலும் காசு இருக்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை சென்னை ஹால்களில் கச்சேரி சீசன்; அப்போது இடம் தேடி அலையாதீர்கள். சனி, ஞாயிறு மாலைக்குத்தான் போட்டி. வாரநாள் குறைந்த வாடகைக்குக் கிடைத்தாலும், ஏழு மணி நாடகத்துக்கு வேலையிலிருந்து யார் வந்து சேருவார்கள் என்று யோசித்துவிட்டு எடுங்கள்.

ஸ்டேஜ் ரிகர்சலுக்கு, ஏசி போடாமல், காலை நேரத்தில் குறைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். மாதிரிக் கணக்கில் இந்தச் செலவு இல்லை, பார்த்தீர்களா? எங்கள் முதல் மூன்று நாடகங்களின் கணக்கிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் கையிருப்பிலிருந்துதான் போனது. இடப்பக்கத்தில் இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

5. செட், உடை, லைட்

செட்டுக்கு ஒரே விதி: டாட்டா ஏஸில் ஏற வேண்டும். வரைபடம் போடும்போதே அந்த வண்டியின் நீள அகலத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் அடுக்க முடிகிறதா என்று பாருங்கள். மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய தட்டிகள், நட்டு போல்ட்டில் பிரிகிற மாதிரி, ஒருவரே தூக்குகிற எடையில். சோபா, கட்டில் எல்லாம் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். காட்சி நடக்கும் பேட்டையிலேயே பர்னிச்சர் வாடகைக்கு எடுத்தால் வண்டிச் சத்தம் மிச்சம்.

உடையில் சமூக நாடகம் என்றால் பாதிக்கு மேல் நடிகர்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கும். புராணம், சரித்திரம் என்றால் டிராமா டிரஸ் வாடகைக்குக் கிடைக்கும். நாலு காட்சிக்கு மேல் போடப் போகிறீர்கள் என்றால், வாடகையா தைப்பதா என்று அந்த இடப்பக்க, வலப்பக்கக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். விக் மட்டும் எப்போதும் வாடகைதான். வாங்கினால் பராமரிக்க நம்மால் ஆகாது.

லைட்டில், டிசைனர் கேட்கும் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதைவிட, அவரை ஒரு முழு ஒத்திகைக்கு வரவழைத்து டிபன் வாங்கிக் கொடுங்கள். பார்க்காதவர் பயத்தில் இருபது விளக்கு கேட்பார். பார்த்தவருக்குப் பன்னிரண்டு போதும். காலர் மைக்கிலும் அப்படித்தான்: ஒரே நேரத்தில் மேடையில் அதிகபட்சம் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணி, அத்தனை எடுத்தால் போதும், உள்ளே போனவர் வெளியே வருபவருக்கு மாற்றிக்கொள்ளலாம். சின்ன ஹால் என்றால் மைக்கே இல்லாமல் பேசப் பழகுங்கள், நடிப்புக்கும் நல்லது. புது பேட்டரி மட்டும் ஒவ்வொரு காட்சிக்கும் வாங்குங்கள். அதில் மிச்சம் பிடிக்கப் போய் கிளைமாக்ஸில் ஊமைப்படம் காட்டியிருக்கிறோம்.

6. ஆட்களுக்குக் கொடுப்பது

"நாமெல்லாம் ஃபிரெண்ட்ஸ்தானே, காசு எதுக்கு" என்றுதான் எல்லாக் குழுவும் தொடங்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதல் நாளே, எவ்வளவு சின்னத் தொகையானாலும், காட்சிக்கு இவ்வளவு பேட்டா என்று அறிவித்துவிடுங்கள். ஹீரோவுக்கும் கர்ட்டன் இழுப்பவருக்கும் ஒரே தொகை. 500 ரூபாய் வாங்கியவர் ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஆறு மணிக்கு வருவார். ஓசியில் நடிப்பவரிடம் நேரம் தவறியதைப் பற்றிப் பேசவே நமக்கு வாய் வராது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அட்வான்ஸ் கொடுத்துப் பேசுவார்கள். யாருக்கு என்ன தொகை என்பது நாடகத்துக்கு முன்பே முடிந்துவிடும். ஒத்திகை என்று ஒன்று கிடையாது, ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். தொழிலாகச் செய்பவர்கள் பணப் பேச்சில் கூச்சப்படுவதில்லை. கூச்சமெல்லாம் நம் மாதிரி அமெச்சூர்களுக்குத்தான்.

சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காட்சி அன்று நாலு மணிக்கு டிபன், நாடகம் முடிந்ததும் பொட்டலச் சாப்பாடு. செட் தூக்கும் ஆட்களுக்கும் டிரைவருக்கும் சேர்த்து எண்ணுங்கள். மாதிரிக் கணக்கில் 13 பேர் குழுவுக்கு 16 சாப்பாடு போட்டது அதனால்தான்.

7. வரவு

சபா முறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சபாக்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக சபா குழுக்களை அழைத்து, ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று பேசிய தொகையைக் கொடுக்கும். ஹாலும் கூட்டமும் அவர்கள் பொறுப்பு. மாதிரிக் கணக்கில் ஹால், சவுண்ட், விளம்பரம் மூன்றும் சபா பக்கம் போய்விட்டால் நம் காட்சிச் செலவு 30,500-க்கு இறங்கிவிடும். அவர்கள் 40,000 கொடுத்தால் 9,500 மிச்சம். ஒன்பது சபா காட்சியில் போட்ட 84,000 திரும்பி வந்துவிடும். சவுண்ட் நம் பொறுப்பு என்று பேசிவிட்டால் அந்த 9,500-ல் 7,000 போச்சு. ஆகவே ஒப்புக்கொள்ளும் முன் மைக் யாருடையது என்று கேளுங்கள். சபா செயலாளர்கள் முதல் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா மாதிரியான இடங்களில் புது நாடகம் போட வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

டிக்கெட்டில், ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான நாடக நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு கொடுத்தார்கள். 2018 ஜனவரியில்தான் அந்த வரம்பு 250-லிருந்து 500 ஆனது. அதற்கு மேல் விலை வைப்பதாக இருந்தால், அச்சடிப்பதற்கு முன் இப்போதைய விதியை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் விற்றால் கமிஷன் போக மீதிதான் கைக்கு வரும், அதுவும் காட்சி முடிந்து சில நாள் கழித்து. ஹால் அட்வான்ஸோ இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே கேட்பார்கள். கணக்கில் பணம் இருக்கும், கையில் இருக்காது. ஆகவே தொகையோடு, எந்தத் தேதியில் வெளியே போகும், எந்தத் தேதியில் உள்ளே வரும் என்றும் நோட்டில் எழுதுங்கள்.

பாஸ் என்று ஒரு வியாதி இருக்கிறது. நடிகருக்கு இரண்டு என்று நிறுத்துங்கள். "அண்ணே, ஒரே ஒரு பாஸ்" என்று வருபவர் குடும்பத்தோடு ஐந்து பேராக வருவார். பத்திரிகைக்கும் சபா செயலாளர்களுக்கும் ஸ்பான்சருக்கும் ஒரு நாற்பது எடுத்து வைத்துவிட்டு, மீதி நாற்காலி எல்லாம் விற்பனைக்கு.

ஸ்பான்சரைப் பொறுத்தவரை, பெரிய கம்பெனி வாசலில் காத்திருப்பதைவிட, பக்கத்துத் தெரு நகைக்கடை, டியூஷன் சென்டர், ஸ்வீட் ஸ்டால் என்று ஐயாயிரம் பத்தாயிரமாகச் சேர்ப்பது நடக்கிற காரியம். ஸ்வீட் ஸ்டால்காரர் பணத்துக்குப் பதில் 16 பேருக்கு டிபன் கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள், நோட்டில் அதையும் வரவு எழுதுங்கள். காசோலை குழுவின் பெயரில் வந்தால் போட வங்கிக் கணக்கு வேண்டும்; அதற்குக் குழுவைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்துவிடுவது நல்லது. அரசு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தாலும் பதிவும் தணிக்கை செய்த கணக்கும் கேட்பார்கள். உதவித்தொகையை நம்பி மட்டும் ஹால் பிடிக்காதீர்கள். வந்தால் அடுத்த நாடகத்துக்கு ஆகும்.

8. பெட்டி ஒருவர் கையில்

டைரக்டரிடம் பணப்பெட்டி இருக்கக் கூடாது. அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை. கிராண்ட் ரிகர்சலுக்கு முந்தின நாள் அவருக்கு ஒரு ஊஞ்சல் வேண்டும் என்று தோன்றும். கையில் பணமும் இருந்தால் ஊஞ்சல் வந்துவிடும். பணம் ஒருவர் கையில், "வேண்டும்" என்று சொல்வது இன்னொருவர் வாயில். 500 ரூபாய்க்கு மேல் எதுவானாலும் இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். கையிருப்புத் தொகையை உடைக்க மூன்று பேர்.

யூபிஐ வந்த பிறகு ஒரு வசதி, ஒரு கஷ்டம். எல்லாம் பதிவாகிறது. ஆனால் ஐந்து பேர் ஐந்து போனிலிருந்து கட்டிவிட்டு, "அன்னிக்கு நான் கலர் பேப்பர் வாங்கினேனே" என்று மூன்று மாதம் கழித்து வருவார்கள். வாங்கிய அன்றே பில்லைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால்தான் பணம் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள். பில் இல்லாத ஆட்டோவுக்கு, கூலிக்கு ஒரு வவுச்சர் புத்தகம், கையெழுத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒத்திகை முடிந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, திட்டமிட்டது எவ்வளவு, ஆனது எவ்வளவு என்று வாசியுங்கள். எங்கள் குழுவில் நாலாவது வாரமே டீச் செலவு திட்டத்தைத் தாண்டிவிட்டது. விசாரித்தால் டீயில் தவறில்லை. ஏழு மணி ஒத்திகைக்கு எல்லோரும் எட்டுக்கு வந்ததால், முன்னால் வந்தவர்கள் சும்மா உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்திருக்கிறார்கள்.

காட்சி முடிந்து ஒரு வாரத்துக்குள் எல்லாக் கடனையும் தீர்த்துவிடுங்கள். லைட்காரர், மேக்கப்காரர், வண்டிக்காரர் மூவருக்கும் அன்றிரவே. டெபாசிட் திரும்ப வந்ததும் கணக்கை மூடி, ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள், நஷ்டமானாலும். மிச்சமிருக்கும் பொருளுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள்: தட்டி எத்தனை, யார் வீட்டில் இருக்கிறது என்று. அடுத்த நாடகத்தின் இடப்பக்கம் அங்கிருந்துதான் குறையத் தொடங்கும்.

எங்கள் பட்டியலில் முதல் பொருள் இன்னும் அந்தத் தேக்குக் கதவுதான். என் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். நல்ல சத்தம் வரும். வேண்டுபவர்கள் இனாமாகவே எடுத்துப் போகலாம். வண்டி மட்டும் உங்களுடையது.